மெய்யறிவு

நுழையும்முன்

அறிவு எங்கே இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலோர் நெற்றியைத் தொட்டுக் காட்டுவர். அவ்வாறு காட்டியது விரல் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கையும் காலும் கண்ணும் செவியும் மூளையின் ஏவலாளர்கள் மட்டும்தாமா? சிந்தனையை உருவாக்குவதில் அவற்றுக்கும் பங்கு உண்டா? தறிக்குழியில் தொடங்கி நரம்பியல் ஆய்வுக்கூடம் வரை இவ்வினாவைத் தொடர்ந்து செல்கிறது இவ்வுரைநடை.

தறியின் முன்

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூரில் பல்கலைக்கழகம் ஒன்று இயங்குகிறது. அங்கே அறிவு நூல்களிலும் கணிப்பொறிகளிலும் சேமிக்கப்பட்டுள்ளது. தேவைப்படுவோர் எடுத்துப் படித்துக்கொள்ளலாம். அங்கிருந்து சில கிலோமீட்டர் சென்றால் காஞ்சிபுரத்தின் நெசவுத் தெருக்கள் வந்துவிடும். அங்கும் அறிவு சேமிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதை அடுக்கிலிருந்து எடுத்துப் படிக்க இயலாது.

குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் இறக்கியிருப்பார். கால்கள் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்தும். அதற்கேற்ப விழுதுகள் ஏறி இறங்கும். பாவு நூல்கள் இரண்டாகப் பிரிந்து வழிவிடும். அவ்வழியே ஊடையைச் சுமந்து நாடா ஓடும். உடனே கை பண்ணையை இழுத்து அடிக்கும். கால், நாடா, கை, மறுபடியும் கால் என நாள் முழுவதும் இது நிகழும். கால்களைக் கண்கள் பார்ப்பதில்லை. பார்க்கவேண்டிய தேவையும் இல்லை. தறியின் ஓசையில் சிறு மாற்றம் தென்பட்டால் செவி முதலில் அறியும். இழை தளர்ந்திருப்பதை விரல்நுனி அறியும்.

கோர்வைச் சேலை நெய்வது இன்னும் கடினம். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்னும்போது மூன்று நாடாக்கள் வேண்டும். ஒவ்வோர் ஓட்டத்திலும் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். ஒருவரால் இது ஆகாது. பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து ஒரு கரையின் நாடாவைக் கையாள்வார். இருவருக்குமிடையே பேச்சு நடப்பதில்லை. ஒருவர் கை முடிக்கும் இடத்தில் மற்றவர் கை தொடங்குகிறது. இரண்டு உடல்கள் ஒரே கணக்கைப் போடுகின்றன என்று சொன்னாலும் தவறாகாது.

பண்ணையை எவ்வளவு வலுவாக அடிக்க வேண்டும் என்று தேர்ந்த நெசவாளர் ஒருவரைக் கேட்டால், விடை எளிதில் வராது. உட்கார்ந்து பார்த்தால் தெரியும் என்பதே மறுமொழியாக இருக்கும். அவருக்குத் தெரியாது என்பது இதன் பொருளன்று. அவருக்குத் தெரிந்திருப்பது சொல்லாக மாறவில்லை என்பதே பொருள். அங்கேரியில் பிறந்த அறிஞர் மைக்கேல் பொலானி, சொல்லில் அடங்காத இத்தகைய அறிவைப் பற்றி 1966ஆம் ஆண்டு ஒரு நூலே எழுதினார்.

மெய் என்னும் சொல்

உடலையும் உள்ளத்தையும் வெவ்வேறு பொருள்களாகப் பிரித்துக் காணும் போக்கு ஐரோப்பியச் சிந்தனையில் வலுப்பெற்றதற்கு, 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெக்கார்த் பெருங்காரணர். உள்ளம் சிந்திக்கும் பொருள், உடல் இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள் என்று அவர் பகுத்தார். இன்றைய பள்ளிக் காலஅட்டவணையில் கணக்கு ஒரு பக்கமும் விளையாட்டு மறுபக்கமுமாக நிற்பதிலும், விளையாட்டு வேளையைக் கணக்காசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வதிலும் அந்தப் பிரிவினையின் நிழலைக் காணலாம்.

தமிழ்மொழியின் சொற்களோ வேறொரு கதையைச் சொல்கின்றன. மெய் என்பது உடலைக் குறிக்கும் சொல். உண்மையைக் குறிப்பதும் அதே சொல். ஒலிகளை உயிர் என்றும் மெய் என்றும் பிரித்த இலக்கணம், அவை கூடிய நிலையில் உயிர்மெய் என்றது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் பிறப்பியல், எழுத்தொலி பிறப்பதை உடலைக் கொண்டே விளக்குகிறது. உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சு, மிடறு, தலை ஆகிய இடங்களில் தங்கி, நா, பல், இதழ், மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் இயக்கத்தால் வெவ்வேறு எழுத்துகளாகிறது. மொழியின் முதல் அலகே அங்கே உடற்செயலாகத்தான் அறிமுகமாகிறது.

பொருளதிகாரத்தின் மரபியல், உயிர்களை அவற்றின் அறிவைக் கொண்டு ஆறாக வகுக்கிறது. தொட்டு அறிவது முதலாவது. அதன்மேல் நாவும் மூக்கும் கண்ணும் செவியும் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. ஆறாவதாக வருகிறது மனம். இவ்வரிசையில் நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. மனம் ஐம்புலன்களுக்கு மாற்றாக வரவில்லை. அவற்றின்மேல் கூடுதலாக வருகிறது. அடியில் தொடுவுணர்வு இல்லாமல் உச்சியில் மனம் நிற்பதில்லை. நகை, அழுகை, அச்சம், வெகுளி முதலிய எட்டு உணர்வுகளை விளக்கும் இயலுக்கும் மெய்ப்பாட்டியல் என்றே பெயர். உள்ளத்தில் நிகழ்வது மெய்யில் புலப்படும் என்பது அதன் அடிப்படை. உடலை ஒருகாலத்தில் இழிந்ததாக எண்ணியிருந்ததாகவும், பின்னர் அதன் உயர்வை உணர்ந்து பேணத் தொடங்கியதாகவும் திருமூலரும் கூறுகிறார்.

இவற்றைக் கொண்டு இன்றைய நரம்பியலை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று முடிவுகட்டுவது பிழை. அவர்கள் மூளையை ஆராயவில்லை, வாழ்க்கையை உற்றுநோக்கினர். அந்த உற்றுநோக்கலே போதிய பெருமையுடையது.

இல்லாத கையின் வலி

விபத்திலோ நோயிலோ கையை இழந்தவர்களுள் பலர், அந்தக் கை இன்னும் இருப்பதாகவே உணர்கின்றனர். இல்லாத விரல் அரிக்கிறது. இல்லாத உள்ளங்கையில் நகங்கள் பதிந்து வலிக்கின்றன. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்த வீரர்களுக்கு மருத்துவம் பார்த்த சைலஸ் வெயர் மிட்செல், 1871இல் இதற்கு 'மாயஉறுப்பு' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். நூற்றாண்டுக்கும் மேலாக இது விளங்காப் புதிராகவே இருந்தது.

இப்புதிரை எடுத்துக்கொண்டவர்களுள் முதன்மையானவர் தமிழகத்தில் 1951இல் பிறந்த வி. எஸ். இராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்று, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்தில் ஆய்வு செய்தவர். அவருடைய கருவிகள் வியப்பூட்டும் அளவுக்கு எளியவை. முழங்கைக்கு மேலே கையை இழந்த இளைஞர் ஒருவரின் கண்களைக் கட்டி, பஞ்சு சுற்றிய குச்சியால் அவர் கன்னத்தைத் தொட்டார். இளைஞர் கன்னத்தில் தொடுகையை உணர்ந்தார். அதே நொடியில், இல்லாத கையின் கட்டைவிரலிலும் உணர்ந்தார். மேலுதட்டைத் தொட்டபோது ஆட்காட்டி விரல். தாடையைத் தொட்டபோது சுண்டுவிரல். அவர் முகத்தில் ஒரு கையே விரிந்து கிடந்தது!

காரணத்தை இராமச்சந்திரன் மூளையின் வரைபடத்தில் தேடினார். கனடாவின் மான்ட்ரியால் நகரில் அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு, மூளை அறுவையின்போது நோயாளிகளை விழிப்புடன் இருக்கச் செய்து, மூளையின் மேற்பரப்பை மின்முனையால் மெல்லத் தூண்டினார். மூளைக்கு வலி தெரியாது என்பதால் இது இயன்றது. தூண்டிய இடத்திற்கேற்ப நோயாளிகள் விரலிலோ உதட்டிலோ காலிலோ உணர்வு தோன்றுவதாகக் கூறினர். இவ்வாறு உடல் முழுவதற்குமான வரைபடம் மூளையில் இருப்பது தெரியவந்தது. அப்படத்தில் முதுகு சிறியது; விரல்களும் உதடுகளும் மிகப் பெரியவை. முகத்திற்கு உரிய பகுதியை அடுத்தே கைக்கு உரிய பகுதி அமைந்துள்ளது. கை போனபின் அதற்குரிய பகுதியில் அண்டையிலுள்ள முகத்தின் செய்திகள் வந்து சேர்கின்றன என்பது இராமச்சந்திரன் தந்த விளக்கம். வரைபடம் அந்த அளவிற்கு மாறுவதில்லை என்றும், இழந்த கையின் படம் மூளையில் நெடுங்காலம் அழியாமல் இருக்கிறது என்றும் பின்வந்த ஆய்வாளர் சிலர் வாதிடுகின்றனர். இரண்டில் எது சரியாயினும், மூளை தன்னுள் ஓர் உடலை வைத்திருக்கிறது என்பதில் ஐயமில்லை.

அடுத்து அவர் செய்தது இன்னும் எளியது. மாயக்கை இறுக மூடிக்கொண்டு திறக்க மறுப்பதால் தாங்கொணா வலியுற்றவர்களுக்கு, 1990களில் ஒரு பெட்டியைச் செய்தார். அட்டைப்பெட்டி ஒன்று, அதன் நடுவே செங்குத்தாக ஒரு கண்ணாடி, அவ்வளவே. இருக்கின்ற கையை ஒருபுறம் நுழைத்துக் கண்ணாடியில் பார்த்தால், இல்லாத கை இருக்கும் இடத்தில் அதன் பிம்பம் தெரியும். நல்ல கையை விரித்தால், மாயக்கையும் விரிவதாகக் கண் சொல்லும். பலருக்கு இறுக்கம் தளர்ந்தது. எல்லாருக்கும் ஒரே அளவில் பயன்தரவில்லை எனினும், பக்கவாதத்தால் கை செயலிழந்தோருக்கான பயிற்சியிலும் இம்முறை இன்று இடம்பெறுகிறது. மருந்தாலும் அறிவுரையாலும் தீராத வலியை, கண்ணுக்குக் காட்டிய ஒரு கையசைவு தணித்தது.

உடலை இழந்த மனிதர்

மாயஉறுப்புக்கு நேர்மாறான நிலையும் உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் வாட்டர்மேன் என்பவர், 1971இல் தம் 19ஆம் வயதில் நோய்த்தொற்றுக்கு ஆளானார். கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வையும், உறுப்புகள் எங்கே எந்நிலையில் உள்ளன என்னும் உணர்வையும் அவர் இழந்தார். தசைகளை இயக்கும் நரம்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆயினும் அவரால் எழுந்து உட்காரவும் இயலவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூக்கின் நுனியைத் தொடுவது எவருக்கும் எளிது. அவருக்கு அது முடியாத செயல். பல மாதம் முயன்று, ஒவ்வோர் உறுப்பையும் கண்ணால் பார்த்தே இயக்கக் கற்றுக்கொண்டார். நடப்பது அவருக்கு ஓயாத சிந்தனை வேலை ஆயிற்று. விளக்கு அணைந்தால் நிற்க இயலாமல் தரையில் சரிந்துவிடுவார். உடலின் அமைதியான உழைப்பினால்தான் மற்றவர்களின் மனம் வேறு பொருள்களைச் சிந்திக்க ஓய்வு பெறுகிறது என்பதை அவர் வாழ்க்கை உணர்த்துகிறது.

அவரிடம் ஆய்வாளர்கள் கண்ட மற்றொன்றும் சிறப்புடையது. தம் கைகளைப் பார்க்க முடியாதவாறு மறைத்தபோதும், உரையாடும் வேளையில் அவர் கைகள் பேச்சோடு பொருந்தி அசைந்தன. பிறவியிலேயே பார்வையற்றவர்களும் பேசும்போது கையசைக்கின்றனர், அதுவும் தம்மைப்போல் பார்வையற்றவரிடம் பேசும்போதும், என்று 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கையசைவு கேட்பவருக்காக மட்டும் நிகழ்வதன்று. தொலைபேசியில் வழிசொல்பவர் இடப்பக்கம் கைநீட்டுவதும் இதனால்தான்.

பார்வைகூடக் கண்ணால் மட்டும் அமைவதில்லை. 1963இல் ரிச்சர்ட் ஹெல்டும் ஆலன் ஹெய்னும் இருட்டில் வளர்ந்த பூனைக்குட்டிகளை இரண்டிரண்டாகச் சுழலும் பொறி ஒன்றில் பிணைத்தனர். ஒரு குட்டி நடந்து பொறியைச் சுற்றும்; மற்றது தொட்டிலில் அமர்ந்து சுற்றப்படும். இரண்டும் கண்டது ஏறத்தாழ ஒரே காட்சி. நடந்த குட்டி பள்ளத்தைக் கண்டு விலகியது. சுமக்கப்பட்ட குட்டிக்குக் கண்கள் நலமாக இருந்தும் பள்ளம் பள்ளமாகத் தெரியவில்லை. பின்னர் இயல்பாக நடமாட விட்டதும் அதுவும் கற்றுக்கொண்டது.

விரலும் எண்ணும்

எண்களைப் பத்துப் பத்தாக எண்ணும் முறை உலகெங்கும் பரவியிருப்பதற்குக் கைவிரல்கள் பத்தாக இருப்பதே காரணம் என்பர். விரற்கடை, சாண், முழம், அடி, பிடி என நீளமும் அளவும் உடலிலிருந்தே பிறந்தன. பூக்கடைகளில் முழம் இன்றும் உயிரோடு இருக்கிறது. நெடிய கையுடையவரிடம் வாங்கினால் ஆதாயம் என்பதும் வாங்குவோர் அறிந்ததே. சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலம் அளந்த 'பதினாறு சாண் கோல்' குறிக்கப்படுகிறது. ஆளுக்கு ஆள் மாறும் சாணைக் கோலாக நிறுத்தியபோது, ஒருவர் கை எல்லார்க்கும் பொதுவான அளவாயிற்று.

கருநாடக இசை பயில்வோர் ஆதிதாளத்தின் எட்டு எண்ணிக்கையை வாயால் எண்ணுவதில்லை. ஒரு தட்டு, மூன்று விரல், பின் தட்டும் வீச்சும் இருமுறை என்று கை எண்ணுகிறது, மனம் இராகத்தில் இருக்கிறது. மணிச்சட்டத்தில் தேர்ந்த சிறுவர்கள், மணிச்சட்டம் இல்லாதபோதும் காற்றில் விரலசைத்துப் பெருங்கணக்குகளைப் போடுகின்றனர். விரல்களுக்கு வேறு வேலை கொடுத்தால் பலர் தடுமாறுகின்றனர். சிறுவயதில் சிலகாலம் காஞ்சிபுரத்தில் வாழ்ந்த கணிதமேதை இராமானுஜன், காகிதம் விலைமிகுந்திருந்த நாளில் கற்பலகையில் எழுதி, முழங்கையாலேயே அழித்து மேலே எழுதிச் செல்வார். துணியை எடுக்கும் நேரத்தைக்கூட அவர் சிந்தனை பொறுக்கவில்லை போலும்.

தெரிந்து தெளிவோம்

காலத்தைக் கண்ணால் காண இயலாது. ஆதலால் மொழி அதை உடல் நிற்கும் திசையைக் கொண்டு பேசுகிறது. நமக்கு முற்பட்டு வாழ்ந்தோர் 'முன்னோர்'. நெடிய வரிசையில் அவர்கள் முன்னே நடக்கின்றனர். வரப்போகும் காலமோ 'எதிர்காலம்'. அது நம்மை நோக்கி எதிரே வருகிறது. இறத்தல் என்பதற்குக் கடத்தல் என்னும் பொருளும் உண்டு. கடந்து சென்றது 'இறந்தகாலம்'. மனம் கனத்தது, கருத்து பிடிபட்டது, நெஞ்சு இனித்தது என்பனவும் உடல் தந்த சொற்களே.

இயந்திரமும் இழையும்

1997இல் ஐபிஎம் நிறுவனத்தின் 'டீப் புளூ' கணிப்பொறி சதுரங்க உலகச் சாம்பியன் காஸ்பரோவை வென்றது. அறிவின் உச்சம் என்று கருதப்பட்ட ஆட்டத்தில் மனிதர் தோற்றனர். ஆனால் கணிப்பொறி முடிவுசெய்த நகர்த்தல்களைப் பலகையில் காயெடுத்து வைக்க அதன் எதிரே ஒரு மனிதர் அமர்ந்திருந்தார். கடினம் என்று பெரியவர்கள் நினைப்பது இயந்திரத்துக்கு எளிதாகவும், ஒரு வயதுக் குழந்தை செய்வது இயந்திரத்துக்குப் பெரும்பாடாகவும் இருப்பதை ஹான்ஸ் மொரவெக் 1988இலேயே சுட்டிக்காட்டினார். தளர்ந்து வளையும் பட்டிழையை எடுத்து முடிபோடுவது சதுரங்கத்தைவிட எளிதன்று. நடப்பதும் பற்றுவதும் முடிவதும் பல கோடி ஆண்டுகளாக உயிரினங்கள் பயின்ற பாடம். நமக்கு அவை எளியவையாகத் தோன்றுவது அதனால்தான்.

உடல் அறிவை வடிவமைக்கிறது என்பதைக் குறையுடைய உடலில் குறையுடைய அறிவு இருக்கும் எனப் பொருள்கொள்வது பெரும்பிழை. உண்மை இதற்கு மாறானது. ஒரு வழி அடைபட்டால் உடல் இன்னொன்றைத் திறக்கிறது. 1887இல், பார்வையும் கேள்வியும் அற்ற ஹெலன் கெல்லரின் ஒரு கையில் நீர் ஓட, மறுகையில் ஆசிரியர் ஆன் சல்லிவன் அச்சொல்லை எழுத்துக்கூட்டியபோது, மொழி அவருக்குள் தோல்வழியாக நுழைந்தது. செவித்திறனற்றோரின் சைகைமொழிகள் முழுமையான இலக்கணம் கொண்டவை. அங்கே கைகளே வாக்கியம் அமைக்கின்றன.

பக்கத்து இருக்கை

நரம்பிசைக் கருவி வாசிப்போரின் இடக்கை விரல்களுக்கு மூளையில் மிகுந்த இடம் ஒதுக்கப்பட்டிருப்பதை 1995இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்டனர். எவ்வளவு இளமையில் பயிற்சி தொடங்கியதோ, அவ்வளவு தெளிவாக இம்மாற்றம் காணப்பட்டது. இங்கே ஒரு நெருடலான வினா எழுகிறது. கோர்வைத் தறியின் பக்கத்து இருக்கையில் முன்பெல்லாம் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள். விரல்களில் நெசவு ஏறியது அந்த வயதில்தான். பள்ளி, விளையாட்டு, உறக்கம் ஆகியவற்றை அவர்கள் இழந்ததும் அந்த வயதில்தான். சில இல்லங்களில் கடனுக்கு ஈடாகவும் அக்கைகள் உழைத்தன. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் குழந்தைகளை அவ்விருக்கையிலிருந்து எழுப்பிப் பள்ளிக்கு அனுப்ப வழிவகுத்தன. அது வேண்டியதே. கலையைக் காக்கும் பொருட்டு ஒரு குழந்தையின் குழந்தைமையைக் கேட்பது அறமாகாது.

ஆனால் பள்ளிக்கு வந்த அக்குழந்தைகளுக்கு, தந்தையின் கைகளில் இருப்பது அறிவு என்று எந்தப் பாடமும் சொல்லவில்லை. படிக்காதவர் என்னும் சொல்லே அவருக்குக் கிடைத்தது. பல நூறு இழைகளின் ஏற்ற இறக்கத்தை நினைவில் நிறுத்தி, உடலின் பாவோடு முந்தானையின் பாவை இழைக்கு இழை கையால் இணைப்பவரைப் படிக்காதவர் என்பது, படிப்பு என்னும் சொல்லைச் சிறிதாக்கிவிடுகிறது.

இன்று பக்கத்து இருக்கையில் அமர வளர்ந்தவர் ஒருவர் வேண்டும். அவருக்கும் கூலி வேண்டும். அதனால் கோர்வை இல்லாத சேலைகளை நெய்வதே பலருக்குக் கட்டுபடியாகிறது. தெரிந்தவர்கள் முதுமை எய்துகின்றனர். தறியில் இயங்கும் கைகளைப் படம்பிடித்து வைக்கலாம். நாடா எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்பது அதில் துல்லியமாகத் தெரியும். பண்ணையை எவ்வளவு வலுவாக அடிக்க வேண்டும் என்பது தெரியாது. அதற்கு இன்னமும் தெரிந்தவர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் தச்சர், குயவர், நெசவாளர், உழவர் ஆகியோருள் ஒருவரைச் சந்தித்து, அவர் சொல்லால் விளக்க இயலாமல் செய்து காட்டிய ஒரு செயலைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.

2. கை, கால், கண், தலை, வயிறு ஆகிய சொற்கள் இடம்பெறும் வழக்குத்தொடர்களைத் தொகுத்து, அவை உணர்த்தும் பொருளை வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. கைகளைக் கட்டிக்கொண்டு, உங்கள் வீட்டுக்கு வரும் வழியை நண்பருக்குச் சொல்லிப் பார்க்க. நேர்ந்த இடர்ப்பாடுகளைக் குறிப்பெடுக்க.